ஒருத்தியின் சரிபாதி

ஷோபனாவின் வாக்குக்கு என்ன எடை என்று சொல்வதற்காக வார்டு எழுத்தர் ஜெபராஜ் வந்தபோது மணி பத்தரை இருக்கும். மார்ச் மாத வெயில் அதற்குள் உப்பளங்களில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. சங்குமுனைக்கு அவள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அழைப்பு மணியை அடித்து ஒரு மனிதர் உள்ளே வந்து உட்காருவது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வந்தவர் ஒரே ஆள்தான், குடிநீர் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர்.

ஜெபராஜ் தண்ணீர் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக் குடித்தார். பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். ஆனால் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதப் பதிவுத் தபால்ல அனுப்பினாலே போதும் மேடம். நாந்தான் நேர்ல குடுத்துருவோம்னு வந்தேன். உப்பளத்துப் பள்ளிக்கூட ஓட்டு ஏப்ரல் பன்னெண்டாம் தேதி. நோட்டீஸ் பாத்திருப்பிய."

"பாத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிட்டு, பிள்ளைங்களை டவுன்ல இருக்கற பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்க்கலாமா வேண்டாமான்னு."

"அதேதான். நம்ம வார்டுல கல்வி நிபுணரா பதிவு பண்ணுனவங்க எத்தன பேருன்னு மேலருந்து கேட்டாங்க. நாலு தடவ சரிபாத்துட்டேன். ஒரே ஒரு பேருதான் இருக்கு."

அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது ஷோபனாவுக்குப் புரிந்துவிட்டது. அவளைவிட நன்றாக அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மாநிலத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

அறிவெடைச் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர் என்று ஊர்ப் பொது விஷயம் எதுவானாலும் அந்த வார்டு மக்களே வாக்களித்து முடிவு செய்யலாம். ஆனால் வாக்குகளின் மொத்த எடையில் சரிபாதிதான் எல்லாருக்கும் பொது. மறுபாதி, அந்தத் துறையைக் கற்று, அதே வார்டில் வசிக்கும் நிபுணர்களுக்கு. வாக்களிக்கும் நாளன்று அவர்கள் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தகுதித் தாளில் தேற வேண்டும். தேறியவர்கள் அந்தப் பாதியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். கூட்டம் சொல்வதே வேதம் என்றும் ஆகக் கூடாது, படித்தவர் சொல்வதே சட்டம் என்றும் ஆகக் கூடாது. ஏழு பேர் கொண்ட குழு ஒரு வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்த நடுவழி அது. ஏழு பேரில் ஷோபனாவும் ஒருத்தி. நகரத்து வார்டுகளில் முந்நூறு, நானூறு பேர் அந்தப் பாதியைப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு வார்டில் ஒரே ஒருத்தர் இருந்தால் என்ன ஆகும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் கேட்டதும், அது மிக அரிது என்று தானே பதில் சொன்னதும் அவளுக்கு நினைவிருந்தது.

"அறுநூறு பேர் ஓட்டுப் போட்டா, ஒங்க ஒரு ஓட்டு அறுநூறுக்குச் சமம்," என்றார் ஜெபராஜ். "ஒங்ககூட இன்னும் ஒரே ஒரு ஆள் சேந்தாப் போதும் மேடம். மத்தவங்க எல்லாம் வந்தும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

"இது சரியில்லையே."

"சட்டம் அப்பிடித்தான இருக்கு." சற்றுத் தயங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "முன்னுரையில ஒங்க பேரும் போட்டிருக்கு."

அவள் உறையை வாங்கிக்கொண்டு, பெற்றதற்குக் கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, இதை யாரிடமும் தான் சொல்லப் போவதில்லை என்றார். அன்று மாலைக்குள் வார்டு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

ஷோபனாவுக்கு வயது அறுபது. முப்பது வருடம் சென்னையில் ஒரு கல்வி ஆய்வு நிறுவனத்தில் பள்ளிகளை அளந்தவள். எந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள், எத்தனை பேர் சரளமாகப் படிக்கிறார்கள், ஏன் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஒரு வகுப்பில் நின்று ஒரு பிள்ளைக்கு ஓர் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. திருமணம் செய்துகொள்ளவில்லை. சங்குமுனையில் நீலக்கடல் நகர் என்ற காலனியில் இருந்த இந்த வீடு அவளுடைய அக்காவுடையது. அக்கா இறந்தபின் சாமான்களை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பத்து நாளைக்கு வந்தவள், சென்னையில் தனக்காகக் காத்திருப்பவர் யார் என்று யோசித்துப் பார்த்து, இங்கேயே இருந்துவிட்டாள்.

காலனியில் அவளை யாரும் வெறுக்கவில்லை. பார்த்தால் தலையசைப்பார்கள். அவளும் அசைப்பாள். அவ்வளவுதான். மாவுக் கடையில் அரைக் கிலோ மாவு கேட்கும்போதும், மருந்துக் கடையில் மாத்திரைப் பெயரைச் சொல்லும்போதும் தவிர அவள் குரல் வெளியே வராத நாட்கள் உண்டு. சில மாலைகளில், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பாள்.

எடை விஷயம் பரவியபின் தலையசைப்பும் நின்றுபோனது. மாவுக் கடையில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள், வழிவிட்டு ஒதுங்கினார்கள். வரிசையில் நிற்க வேண்டாம் என்று கடைக்காரர் முதலில் அவளுக்கு எடுத்துக் கொடுத்தார். அவள் மறுத்தாள். பின்னால் நின்ற பெண், "பரவால்ல, நீங்க வாங்கிட்டுப் போங்க," என்றாள். அந்தக் குரலில் மரியாதை இருந்தது, அது ஷோபனாவைச் சுட்டது.

காலனி நலச் சங்கத் தலைவர் கோகுல்நாத் மட்டும் வீட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். நான்கு வீடு தள்ளித்தான் குடியிருந்தார்.

"நாங்க உங்ககிட்ட எதுவும் கேக்க வரல மேடம். கேக்கறது தப்பு," என்றார். "உங்க ஆய்வறிக்கையைத் தேடிப் படிச்சோம். சின்னப் பள்ளிக்கூடங்களைப் பெரிய பள்ளிக்கூடத்தோட இணைச்சா பிள்ளைங்க நல்லாப் படிக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. நீங்க எழுதினதை நீங்களே செய்யப் போறீங்க. அவ்வளவுதானே?"

"பள்ளிக்கூடத்தை நான் இன்னும் பார்க்கல."

"பாக்கணுமா? நம்பர் எல்லாம் இருக்கே."

கிண்டலாகச் சொன்னது அல்ல. உண்மையிலேயே அவருக்கு அந்தச் சந்தேகம். அவர் போனபின் வெகுநேரம் அவள் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடமாகத் தன்னை யாரும் கேட்காத கேள்வி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நடந்தே போனாள். காலனியின் கடைசித் தெருவைத் தாண்டினால் ஒரு மேடு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் உயரமான நிலம் அது ஒன்றுதான். அதன்மேல் இரண்டு அறைகளும் ஒரு வேப்பமரமும். அதுதான் உப்பளத்துப் பள்ளிக்கூடம். மேட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளத் தொழிலாளர் வீடுகள், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள்.

பள்ளி ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும் என்று நினைத்துப் போனவள், உள்ளே இருபத்துமூன்று பிள்ளைகளும் குளித்து, தலைசீவி, காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சுவரோரம் பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. ஒரே ஆசிரியர், அருள்ரெக்ஸ் என்று பெயர், கடைசி வரிசைப் பிள்ளை ஒன்றின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வீடு வேறு வார்டில். இந்த வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு இல்லை.

"தினமும் இவ்வளவு சீக்கிரமா திறந்துடுவீங்களா?" என்று கேட்டாள்.

"மூணே முக்காலுக்கு மேடம். அவங்க அம்மாக்கள் நாலு மணிக்குப் பாத்தில எறங்குதாங்க. வெயில் ஏறிட்டா உப்பு வார முடியாது. வீட்டுல புள்ளைய யார் பாக்க? இங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போவாங்க. தூங்குறது தூங்கும், எந்திச்சது படிக்கும்."

"இது எந்தப் பதிவேட்டுலயும் இல்லையே."

"பதிவேட்டுல வேலை நேரம் ஒம்பதுல இருந்து நாலுதான் மேடம். மத்தத எழுதுனா ஏன் தெறந்தன்னு கேப்பாங்க."

அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர் பாடம் நடத்துவதைப் பார்த்தாள். நல்ல ஆசிரியர் என்று சொல்ல முடியாது. ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு திணறினார். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு பத்தியைப் படிக்க ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பெரிய பள்ளியில் அதே வயதுப் பிள்ளைகள் ஒன்றரை நிமிடத்தில் படிப்பார்கள். அது ஷோபனாவுக்குத் தெரிந்த உண்மை. பிள்ளையின் பெயர் அபிஷா.

பத்து மணி வாக்கில் பாத்தியிலிருந்து பெண்கள் திரும்பினார்கள். கால்கள் முழங்கால்வரை வெளுத்திருந்தன. அவர்களில் ஒருத்தி நேராக ஷோபனாவிடம் வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"நா இசக்கிப்ரியா. அபிஷா அம்மா. ஓட்டம்மா நீங்கதான?"

அந்தப் பெயரில் தன்னைக் குறிப்பிடுகிறார்கள் என்று ஷோபனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா. உக்காருங்க, பேசலாம்."

"நின்னுக்கிட்டே பேசுதேன். கால் ஈரமா இருக்கு." அவள் சுற்றி வளைக்கவில்லை. "மூடணும்னு போடப் போறியளா?"

"இன்னும் முடிவு பண்ணல. ஒண்ணு மட்டும் சொல்லணும். பெரிய பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு வகுப்புக்கும் தனி டீச்சர். அபிஷா இப்ப படிக்கறதைவிட அங்க ரொம்ப நல்லாப் படிப்பா. இது நான் சும்மா சொல்லல."

"அது எனக்குத் தெரியாதா? எனக்குந்தான் ஆசை. பஸ்ஸு எத்தன மணிக்கு? ஏழே முக்காலுக்கு. எங்க நிக்கும்? மெயின் ரோட்டுல. நா அப்ப எங்க இருப்பேன்? நாலு மணில இருந்து ஏழே முக்கால் வரைக்கும் எம்மவ யார்கூட இருப்பா? எங்க வீட்டுல நானும் அவளுந்தான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வீட்டுல பெரியாளு இருக்கவங்க அனுப்பிருவாங்க. எங்கள மாதிரி இருக்கவங்க பத்து நாளு அனுப்புவோம். பெறகு பாத்திக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். வேற என்ன செய்ய?"

ஷோபனா சுவரோரம் அடுக்கியிருந்த பாய்களைப் பார்த்தாள்.

"ஒருத்தர் ஓட்டு ஊரு ஓட்டுக்குச் சமம்னு கேட்டதும் எனக்குக் கேவலமா இருந்திச்சு," என்றாள் இசக்கிப்ரியா. "எங்கம்மா தேர்தலுக்குத் தேர்தல் மொத ஆளாப் போயி நிப்பா. அங்க மட்டுந்தான் மொதலாளியும் நானும் ஒண்ணுன்னு சொல்லுவா. அதெல்லாம் இருக்கட்டும். இப்ப அது ஒங்க கையில இருக்கு. நா கேக்கேன். மூட வேண்டாம்னு போடுங்க."

சொல்லிவிட்டு மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை ஷோபனா தன்னுடைய பழைய ஆய்வைத் திறந்தாள். நூற்றுப்பன்னிரண்டு பள்ளிகள் இணைக்கப்பட்ட கதை அது. இணைப்புக்கு முன் வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்தொன்று, இணைப்புக்குப் பின் எழுபத்துமூன்று. அமைச்சர்கள் மேடையில் சொல்லிக்காட்டிய எண்கள். நாற்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: மாற்றலாகி, புதிய பள்ளியில் சேராத மாணவர்கள் கணக்கில் நீக்கப்பட்டுள்ளனர். அவள் எழுதியதுதான். எழுதியபோது அது ஒரு சுத்தம் செய்யும் வேலையாகத்தான் பட்டது. எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்று இப்போது எண்ணிப் பார்த்தாள். மூன்றில் ஒருவர். அந்த ஒருவர் எங்கே போனார் என்று யாரும் தேடவில்லை. தேடாததால் சராசரி உயர்ந்திருந்தது.

எனவே பள்ளியை மூடக் கூடாது. அதில் அவளுக்குக் குழப்பம் மிச்சமில்லை. ஆனால் இன்னொன்று அவளைப் படுத்தியது. ஒரு வாரத்துக்கு முன்புவரை, இதே எடையோடு, மூடலாம் என்றுதான் போட்டிருப்பாள். அப்போதும் இதே அளவுக்கு உறுதியாக இருந்திருப்பாள். அப்படிப்பட்டவளின் ஒரு விரல் அறுநூறு விரல்களுக்குச் சமம் என்பது எந்த ஊர் நியாயம்? விஷயம் தெரிந்தவள் செய்ய வேண்டியது, தெரிந்ததைச் சொல்வது. முடிவு செய்வது எல்லாருடைய வேலை. சட்டத்தை எழுதியபோது தெரியாதது இப்போது தெரிந்திருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து, எளிய தமிழில், இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். ஆய்வில் தான் செய்த தவறு, பிள்ளைகள் விடியலில் பள்ளிக்கு வருவதன் காரணம், பள்ளி மூடப்பட்டால் யார் யார் நின்றுவிடக்கூடும் என்பது. பிரதி எடுத்து, வார்டில் இருந்த அத்தனை வீட்டுக் கதவிலும் தானே கொண்டுபோய்ச் செருகினாள். முழங்கால் வலித்தது. யாரும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. நாய்கள் குரைத்தன. படிக்கிறார்கள், யோசிக்கிறார்கள், அதனால்தான் மௌனம் என்று எடுத்துக்கொண்டாள். தனியாக இருப்பவர்களுக்கு மற்றவர்களின் மௌனத்துக்கு நல்ல அர்த்தம் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

ஏப்ரல் பன்னிரண்டு. வாக்குச்சாவடி சமுதாயக் கூடத்தில். எல்லாரோடும் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பெரியவர் வெயிலைப் பற்றிச் சொன்னார், இவளும் வெயிலைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

நிபுணர்களுக்கான தனி அறையில் திரை ஒன்று, நாற்காலி ஒன்று. கேள்விகளைக் கணினி அந்தந்த நிமிடத்தில் உருவாக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். எட்டு விடைகளாவது சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. இல்லையென்றால் நிபுணர் பாதி மக்களிடமே திரும்பிவிடும், ஆளுக்கு ஒரு வாக்கு. ஷோபனா ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்தாள். இரண்டு கேள்விகள் அவளுடைய ஆய்விலிருந்தே வந்திருந்தன. பன்னிரண்டுக்கும் விடை தெரிந்தது. பன்னிரண்டுக்கும் வேறொன்றைத் தொட்டாள்.

வெளியே ஜெபராஜ் தன் மேசைத் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"பன்னெண்டுல ஒண்ணுகூட சரியில்ல மேடம்."

"அப்படியா?"

"ஒண்ணுமே தெரியாத ஆளு கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட மூணு விடையாவது சரியா வரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாந் தெரிஞ்சவங்களுக்குத்தான் இப்பிடி வரும்."

"எனக்கு ஒரு ஓட்டு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அது போதும்."

வாசலில் இருந்த பலகையில் 'நிபுணர் பங்கு: இல்லை' என்று எழுத்துகள் மாறின. வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. அவள் மற்றவர்களைப் போலவே திரைக்குப் பின்னால் போய், மூட வேண்டாம் என்று தன் ஒற்றை வாக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அன்று வீடு திரும்பும்போது, பல வருடங்களுக்குப் பிறகு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

மாலை ஆறு மணிக்கு முடிவு வந்தது. ஜெபராஜ் தொலைபேசியில் சொன்னார். மொத்தம் ஐந்நூற்று நாற்பது வாக்குகள். மூடலாம் என்றவர்கள் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பேர். வேண்டாம் என்றவர்கள் நூற்று நாற்பத்தொன்பது.

"எடையோட போட்டிருந்தா பள்ளிக்கூடம் தப்பிச்சிருக்கும் மேடம்," என்றார். வைப்பதற்கு முன் ஒரு கணம் காத்திருந்தார்.

மறுநாள் காலை கோகுல்நாத் மனைவியோடு வந்தார். கையில் ஒரு பாத்திரத்தில் பால் பாயசம். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல மேடம். மூட வேண்டாம்னு கடிதம் எழுதினீங்க. உங்க எடையை வச்சே நிறுத்தியிருக்கலாம். எங்க கஷ்டம் தெரிஞ்சு விட்டுக்கொடுத்துட்டீங்க."

"உங்க கஷ்டமா?"

"தண்ணி இறைக்கற நிலையம் மேடம். அந்த மேடு காலியானா ஆறு மாசத்துல கட்டித் தர்றோம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. வேற எங்கயும் உயரமான நிலம் இல்ல." அவர் வியப்போடு பார்த்தார். "வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகைல காலனிக்குள்ள கடல் தண்ணியும் மழைத் தண்ணியும் சேர்ந்து வருதே. உங்க வீட்டுலயும் போன தடவை முழங்கால் அளவுக்கு வந்திருக்குமே."

வந்தது. சாமான்களைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, அவளும் கட்டிலில் ஏறி, இரண்டு நாள் ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

"அன்னிக்குத்தான் எங்க அப்பாவுக்கு மூச்சுத் திணறல்," என்றார் கோகுல்நாத். "ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுலயே நின்னுடுச்சு. கட்டிலோட தூக்கிட்டுப் போனோம். வழியிலயே முடிஞ்சுபோச்சு."

நான்கு வீடு தள்ளி ஒருவர் இறந்துபோனது ஷோபனாவுக்குத் தெரியாது. பாயசத்தை வாங்கிக்கொண்டாள். அவர் மனைவி பாத்திரத்தை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

வெயில் தாழ்ந்ததும் இசக்கிப்ரியாவின் வீட்டைத் தேடிப் போனாள். அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் ஒரு குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த அபிஷா இவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். இசக்கிப்ரியா வெளியே வந்தாள். இந்த முறை உட்காரச் சொன்னவள் அவள்தான்.

"அந்த பம்பு விஷயம் எனக்குத் தெரியாது," என்றாள் ஷோபனா.

"ஒங்களுக்குத் தெரியாதா? காலனில பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே." இசக்கிப்ரியா நம்பாமல் பார்த்தாள். பிறகு நம்பினாள். நம்பியபோது அவள் முகம் இன்னும் வாடியது. "அங்க முந்நூறு வீடு. ஒரு புள்ளகூட இங்க படிக்கல. எங்காளுக எல்லாஞ் சேத்தா நூத்தம்பது ஓட்டு தேறும். இத எண்ணிப் பாக்க ஆராய்ச்சியா வேணும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"ஒருத்தி மட்டும் முடிவு பண்றது நியாயமில்லன்னு நினைச்சேன்."

"நியாயம் இல்லதான். நா இல்லன்னு சொல்லலியே. அன்னைக்கே சொன்னேன், எனக்கே கேவலமா இருந்திச்சுன்னு." அவள் குரல் உயரவில்லை. "ஆனாலும் வாய் விட்டுக் கேட்டேன்லா. நீங்க நியாயமா நடந்துக்கிட்டிய. எம்மவ எங்க போயி இருப்பா?"

"அவங்களுக்கும் கஷ்டம் இருக்கு. வெள்ளத்துல ஒருத்தர் செத்திருக்கார்."

"இருக்கட்டும். அவங்க கஷ்டத்துக்கு முந்நூத்திச் சொச்சம் ஓட்டு இருந்திச்சு. எங்களுக்கு நீங்கதான் இருந்திய."

ஷோபனா எழுந்தபோது அவள் தடுக்கவில்லை. பார்த்துப் போகும்படியும், பாதையில் கண்ணாடிச் சில்லு கிடப்பதாகவும் மட்டும் சொன்னாள்.

ஜூன் மாதம் பெரிய பள்ளி திறந்தது. உப்பளத்துப் பள்ளியின் ஓடுகளை இறக்கி, வேப்பமரத்தை வெட்டி, மேட்டைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். ஷோபனா ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருபத்துமூன்று பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை பெரிய பள்ளிக்குப் போய்ப் பார்த்தாள். பதினான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நன்றாகவே படித்தார்கள். அதில் பொய் இல்லை. ஒன்பது பேர் வருவதில்லை. அந்த ஒன்பது பேரையும் காலையில் உப்பளத்து வரப்பில் பார்க்கலாம். சிலர் தாய்மாருக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள், சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அபிஷா உப்பு வாரும் பலகையை இழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஷோபனா அருகே போனால் அவர்கள் எழுந்து வேறு வரப்புக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் ஒரு கதைப் புத்தகத்தை வரப்பில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அது அவள் வீட்டு வாசற்கதவில் பத்திரமாகச் செருகியிருந்தது.

ஒன்பது பெயர்களையும் போட்டுக் கல்வித்துறைக்கு எழுதினாள். மேற்படி மாணவர்கள் மாற்றல் பெற்றுச் சென்றதாகப் பதிவு இருப்பதால் இடைநின்றவர்களாகக் கருத இயலாது என்று பதில் வந்தது. திரும்ப எழுதினாள். தகுதித் தாளில் தவறியதால் அவளுடைய நிபுணர் பதிவு ரத்தாகிவிட்டதாகவும், பொதுமக்கள் குறைகளை வார்டு அலுவலகம் மூலம் அனுப்ப வேண்டும் என்றும் அடுத்த பதில் வந்தது. ஜெபராஜ் மூலம் அனுப்பினாள். அவர் ஒவ்வொரு முறையும் வாங்கி முத்திரை வைத்தார்.

காலனியில் இப்போது எல்லாரும் அவளோடு பேசினார்கள். மாவுக் கடையில் அவளுக்காகப் பேச்சு நிற்கவில்லை, அவளையும் இழுத்துக்கொண்டு நடந்தது. பிறந்தநாள்களுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது கூட வரச் சொன்னார்கள். இறைக்கும் நிலையத்தின் திறப்பு விழாவில் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் போகவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நான்கு பேர் வந்து விசாரித்தார்கள்.

கார்த்திகை மாதம் மூன்று நாள் அடைமழை. முதல் நாளே உப்பளம் முழுக்க ஒரே தண்ணீராகிவிட்டது, பாத்திகளும் வரப்புகளும் தெரியவில்லை. வேலை இல்லாத அந்த மாதங்களில் உப்பளத்துக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் மீன் கம்பெனிக்கும் போய்விடுவது வழக்கம். இசக்கிப்ரியாவின் வீடு பூட்டியிருந்ததை ஷோபனா போன வாரமே பார்த்திருந்தாள். எந்த ஊர் என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டில் தெரியாது என்றார்கள்.

மூன்றாம் நாள் மாலையும் மழை விடவில்லை. மேட்டிலிருந்து இயந்திரங்களின் உறுமல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தெருவில் கணுக்கால் அளவுக்கு ஏறிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்தது. ஷோபனாவின் வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. அக்காவின் மர அலமாரி, புத்தகங்கள், பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய நோட்டு, கட்டில் எல்லாம் அவையவை இருந்த இடத்தில் இருந்தன.

அழைப்பு மணி அடித்தது. கோகுல்நாத், அவர் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டு அம்மாள், அவர்களோடு இன்னும் சிலர், குடைகளை வராந்தாவில் விரித்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். சூடாகப் பஜ்ஜி போட்டு எடுத்து வந்திருந்தார்கள்.

"தண்ணி வரல பாத்தீங்களா மேடம்," என்றார் கோகுல்நாத். "அப்பா இருந்திருந்தா…" முடிக்கவில்லை. மற்றவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள்.

அக்கா போனபின் அந்தக் கூடம் அப்படி நிறைந்ததில்லை. நாற்காலிகள் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். காய்ந்த தரை. ஈரத் துணியும் பஜ்ஜியும் மணக்க எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஷோபனா சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். கோகுல்நாத்தின் மனைவி உதவிக்கு வந்து, மேல் தட்டைத் திறந்து, கையை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

"எத்தனை டம்ளர் எடுக்கட்டும் மேடம்?"

"ஒன்பது," என்றாள் ஷோபனா.

கோகுல்நாத்தின் மனைவி திரும்பிக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பதினான்கு பேர் இருந்தார்கள். மழைச் சத்தத்தில் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, மேடத்தை மறுபடி கேட்காமல், பதினாறாக எடுத்து வைத்தாள்.